பொடிக் கல்லைக் கேட்டு வாங்குங்கள்: டபுள் ஹேலோ மோதிரம் உருவாகும் விதம்

ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் மீன், தேங்காய், முருங்கைக்காய் எல்லாம் கிடைக்கும். எதிரே தில்லி ஹாட்டில் வெள்ளி நகைகள் பார்க்கலாம். ஆனால் பிள்ளைக்கோ பெண்ணுக்கோ நிச்சயதார்த்தம் என்று வந்து, இன்றைய இளையவர்கள் கேட்கிற டபுள் ஹேலோ வைர மோதிரம் செய்ய வேண்டுமென்றால், அங்கேயே மெட்ரோ ஏறி கரோல் பாக் போவதுதான் வழி. மஞ்சள் தடத்தில் ராஜீவ் சௌக், அங்கே நீலத் தடத்துக்கு மாறினால் கரோல் பாக். தில்லித் தமிழர்களுக்கு அது புது இடமில்லை. ஒரு தலைமுறையே குடியிருந்த பகுதி. பேங்க் ஸ்ட்ரீட்டில் நகைக்கடைகள். பீடன்புரா சந்துகளில் மேற்கு வங்கத்திலிருந்து வந்த காரிகர்களின் பட்டறைகள். திங்கட்கிழமை கடைகளுக்கு விடுமுறை, அன்று போகாதீர்கள்.

நடுவில் ஒரு பெரிய வைரம், அதைச் சுற்றிப் பொடி வைரங்களால் ஒரு வட்டம், அதற்கு வெளியே இன்னொரு வட்டம். இதுதான் டபுள் ஹேலோ. நம் வீட்டுப் பாட்டிமார் காதில் போட்டிருந்த ஏழு கல் தோடும் நடுவே ஒன்று, சுற்றி ஆறு என்ற அமைப்புதான். 1981-இல் இளவரசி டயானாவுக்கு அணிவித்த மோதிரத்தில் 12 காரட் இலங்கை நீலக்கல்லைச் சுற்றி 14 வைரங்கள் ஒரே வட்டமாக இருந்தன. ஆனால் தோட்டில் ஏழு கல்லும் ஏறக்குறைய ஒரே அளவு. ஹேலோவில் சுற்றுக் கற்கள் மிகப் பொடியானவை, நடுக்கல்லைப் பெரிதாகக் காட்டுவதற்கென்றே வைக்கப்படுபவை.

எவ்வளவு பெரிதாக? அரை காரட் வட்ட வைரத்தின் குறுக்களவு சுமார் 5 மில்லிமீட்டர். அதைச் சுற்றி 1.2 மி.மீ. கற்கள் 16, அதற்கு வெளியே 1.3 மி.மீ. கற்கள் 20 என்று வைத்தால் மோதிரத்தின் முகம் ஏறத்தாழ 11 மி.மீ. ஆகிவிடும். அந்த 36 கற்களும் சேர்ந்தே மூன்றில் ஒரு பங்கு காரட்தான் இருக்கும். குறைந்த செலவில் இவ்வளவு பரப்பு கிடைப்பதால்தான் இந்த வடிவத்துக்கு இத்தனை கிராக்கி.

முதல் வேலை விரல் அளவு. காலையில் எடுக்காமல் சாயங்காலம் எடுங்கள். விரலின் அளவு ஒரே நாளுக்குள்ளேயே சற்று மாறும். தில்லியில் பருவத்தையும் பார்க்க வேண்டும். ஜனவரிக் குளிரில் சுருங்கும் விரல் ஜூனில் உப்பும். டபுள் ஹேலோவுக்குத் தலை கனம் என்பதால் தளர்வாக இருந்தால் கல் உள்ளங்கைப் பக்கம் சுழன்றுவிடும். வளையத்தின் அகலம் 2 மி.மீ.க்குக் குறையாமல் இருக்கட்டும். வளையம் முழுக்கக் கல் பதிக்கச் சொன்னால் பின்னாளில் அளவு மாற்றுவது பெரும்பாடு. பாதிச் சுற்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

அடுத்தது நடுக்கல். அது ஜி.ஐ.ஏ. அல்லது ஐ.ஜி.ஐ. சான்றிதழோடு வரும், அதில் எடை, நிறம், தெளிவு, வெட்டு எல்லாம் எழுதியிருக்கும். ஆய்வகத்தில் வளர்த்த வைரமென்றால் அதையும் சான்றிதழ் சொல்லும். கல்லை வீட்டில் மூன்று நாள் வைத்துத் தோஷம் பார்க்கும் பழக்கம் உள்ள குடும்பங்கள் அந்த வேலையை இந்தக் கட்டத்திலேயே முடித்துக்கொள்ளட்டும். பதித்த பிறகு கல்லைக் கழற்றினால் மோதிரம் சேதப்படும்.

இனித்தான் முக்கியமான கட்டம். நடுக்கல்லுக்குச் சான்றிதழ் வாங்கிவிட்டோம் என்று நிம்மதியாகி, சுற்றியுள்ள 36 கற்களைப் பற்றி ஒரு வார்த்தைகூடக் கேட்காமல் வந்துவிடுகிறோம். கண்ணுக்கு முதலில் தெரிவது அந்தக் கற்கள்தான். பொடி வைரங்களைச் சல்லடையில் சலித்து அளவு பிரிப்பார்கள். உலகில் பட்டை தீட்டப்படும் வைரங்களில் பெரும்பகுதி சூரத்தில் தீட்டப்படுகிறது, இந்தப் பொடியும் அங்கிருந்துதான் வருகிறது. அதில் ஃபுல் கட் என்றால் 57 பட்டை. சிங்கிள் கட் என்றால் 17 மட்டுமே; விலை குறைவு, மினுக்கமும் வேறு மாதிரி. எது வேண்டும் என்று நாம்தான் சொல்ல வேண்டும். நிறத்திலும் கவனம் தேவை. சுற்றுக் கற்கள் நடுக்கல்லைவிட வெளுப்பாக இருந்தால் ஆசையாய் வாங்கிய நடுக்கல் மஞ்சளடித்துத் தெரியும். அவை மங்கலாக இருந்தாலோ மொத்த முகமும் சோர்ந்துபோகும். நடுக்கல்லின் நிறத்துக்கு ஒரு படி மேலோ கீழோ, அதற்குள் அடங்க வேண்டும்.

பிறகு வடிவம். இப்போது கணினியில் வரைகிறார்கள். ஒவ்வொரு பொடிக்கல்லுக்கும் தனித்தனிக் குழி. திரையில் எல்லாம் அழகாகத்தான் இருக்கும். அதை நம்பி ஒப்புக்கொள்ளாமல், பிசினில் ஒரு மாதிரி அச்செடுத்துத் தரச் சொல்லி, மோதிரம் போடப்போகிறவர் விரலில் மாட்டிப் பாருங்கள். 11 மி.மீ. முகம் மெல்லிய விரலை மூடிவிடலாம். அப்படியானால் நடுக்கல்லைச் சிறிதாக்கலாம், அல்லது ஒரே வட்டத்தோடு நிறுத்தலாம். பிற்பாடு வருந்துவதைவிட இது மேல்.

ஒப்புதல் தந்தபின் மெழுகில் உருவம் எடுத்து, அதைச் சுற்றிச் சாந்து ஊற்றி இறுக வைத்து, உலையில் மெழுகை எரித்து வெளியேற்றி, அந்த வெற்றிடத்தில் தங்கத்தை வார்க்கிறார்கள். சுவாமிமலை ஸ்தபதிகள் பஞ்சலோக விக்கிரகம் வார்ப்பதும் இதே மெழுகு முறையில்தான். வைர மோதிரத்துக்கு 18 காரட் தங்கம் போதும். 22 காரட் மென்மையானது. கல்லைப் பிடிக்கிற சின்னச் சின்னத் தங்க முனைகள், கடையில் பிராங் என்பார்கள், சீக்கிரம் தேய்ந்து கல் விழுந்துவிடும். நம்மவர்கள் 916, அதாவது 22 காரட், இல்லையென்றால் தயங்குவார்கள். இந்த ஒரு நகைக்கு அந்தத் தயக்கத்தை விட்டுவிடுங்கள்.

வார்ப்பை அரம் போட்டுத் தேய்த்து வழவழப்பாக்கிய பிறகு கல் பதிக்கும் காரிகரின் கைக்குப் போகிறது. அவர் நுண்ணோக்கியின் கீழ் ஒவ்வொரு குழியையும் கல்லின் அளவுக்குத் துளைத்து, மெழுகுக் குச்சியால் கல்லைத் தொட்டெடுத்து அமர்த்தி, உளி முனையால் பக்கத்துத் தங்கத்தைத் துளித்துளியாக எழுப்பி மணிபோல் உருட்டிக் கல்மேல் சாய்க்கிறார். ஒன்றேகால் மில்லிமீட்டர் கல். அடுத்தடுத்த இரண்டு கற்களுக்கும் பல இடங்களில் பிடிமானம் ஒன்றே. ஒரு கல் ஒரு மயிரிழை சாய்ந்தாலும் வட்டத்தின் ஒளி அந்த இடத்தில் அறுந்துவிடும். அழுத்தம் கூடினால் கல் விரிசல் விடும். மோதிரத்தின் ஆயுளே இந்தக் கையில்தான் இருக்கிறது, ஆனால் ரசீதில் செய்கூலி என்ற ஒற்றைச் சொல்லுக்குள் அது அடங்கிப்போகிறது. கூலியில் பேரம் பேசும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியில் மெருகு, வெள்ளைத் தங்கமென்றால் ரோடியம் பூச்சு. அது நாளாக ஆகத் தேயும், மறுபடி பூசிக்கொள்ளலாம்.

மோதிரம் கைக்கு வந்ததும் பூதக்கண்ணாடி கேட்டு வாங்கி உட்புறத்தைப் பாருங்கள். பி.ஐ.எஸ். முத்திரை, 18கே750 என்ற தரக்குறி, ஆறு இலக்க எச்.யு.ஐ.டி. எண் ஆகிய மூன்றும் இருக்க வேண்டும். 2023 ஏப்ரல் 1 முதல் இந்த எண் உள்ள ஹால்மார்க் நகையைத்தான் விற்கலாம். பி.ஐ.எஸ். கேர் செயலியில் எண்ணை அடித்து அங்கேயே சரிபாருங்கள். மோதிரத்தைக் காதருகே வைத்து மெல்லத் தட்டுங்கள். கல் ஆடினால் ஒலி காட்டிக்கொடுக்கும். ஐந்து காரட் சேர்ந்தால் ஒரு கிராம். ஆகவே கல்லின் எடையைக் கழித்த பிறகுதான் தங்கத்துக்கு விலை போட வேண்டும். கல்லின் பின்புறம் திறப்பாக இருக்கிறதா என்றும் கவனியுங்கள். மாவு பிசையும்போதும் மீன் கழுவும்போதும் மோதிரத்தைக் கழற்றி வைத்தாலும் எண்ணெய்ப் பிசுக்கு அடியில் சேரும். திறப்பு இருந்தால் வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரும் மென்மையான பிரஷ்ஷும் போதும்.

எல்லாம் சேர்த்து ஒரு மாத அவகாசமாவது கொடுங்கள். முகூர்த்த நாள் நெருக்கத்தில் அவசரப்படுத்தினால் அடிபடுவது கல் பதிக்கும் வேலைதான். முன்பணம் கொடுக்கும் முன் பொடிக் கற்களின் எண்ணிக்கை, மொத்த எடை, நிறம், தெளிவு நான்கையும் ரசீதில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தரத் தயங்கும் கடையில் இந்த மோதிரத்தைச் செய்யாதீர்கள்.