சீழ் எங்கே ஒளிந்திருக்கிறது?

முகத்தில் பரு வந்தால் கண்ணாடியில் பார்த்துவிடலாம், மாணவர்களே. அதே சீழ் ஆசனவாய்க்கு அருகில், தசைகளுக்கு நடுவே கட்டினால் என்ன செய்வது? பேசக் கூச்சமான இடம்தான். அந்தக் கூச்சத்தால்தான் பலர் உட்காரவே முடியாத வலியோடு மருத்துவரிடம் தாமதமாகப் போகிறார்கள்.

ஆசனவாயின் உட்சுவரில் சிறு சுரப்பிகள் உள்ளன. அவற்றில் ஒன்று அடைபட்டு, உள்ளே பாக்டீரியா பெருகினால் சீழ் உண்டாகும். அது தோலுக்கு அடியில் வந்து நின்றால் வீக்கமும் சிவப்பும் வெளியே தெரியும். மருத்துவர் கீறிச் சீழை வெளியேற்றுவார். பெரும்பாலும் ஸ்கேன் தேவைப்படாது. மாத்திரை மட்டும் போதாதா? சீழ்ப்பைக்குள் இரத்த ஓட்டம் இல்லை. அதனால் மருந்து அங்கே சரியாகப் போய்ச் சேராது.

ஆழத்தில் தேங்கும் சீழ்தான் சிக்கலானது. ஆசனவாயைச் சுற்றி இரண்டு சுருக்குத்தசைகள் வளையம் போல் அமைந்துள்ளன. உள்வளையம் நம்மைக் கேட்காமலே இறுகியிருக்கும். வெளிவளையம் நாம் நினைத்தபடி இயங்கும். பாடம் முடியும்வரை நீங்கள் அடக்கிக்கொள்ள முடிவது இவற்றால்தான். அறுவைக் கத்தி இந்தத் தசையை அதிகம் வெட்டிவிட்டால் அந்தக் கட்டுப்பாடே போய்விடலாம். பயந்து குறைவாகக் கீறினாலோ மூலையில் சீழ் மிஞ்சி, மறுபடியும் கட்டும். சிலருக்குச் சீழ் வடிந்த பிறகும் உள்ளிருந்து தோல்வரை ஒரு சுரங்கம் நிலைத்துவிடும். அதுதான் பவுத்திரம்.

படமே இல்லாத காலத்தில் என்ன செய்தார்கள்? 1686இல் பிரான்ஸ் மன்னர் பதினான்காம் லூயிக்குப் பவுத்திரம் இருந்தது. அறுவை மருத்துவர் பெலிக்ஸ் அதற்கென்றே ஒரு வளைந்த கத்தியைச் செய்துகொண்டார். மயக்க மருந்தும் கிடையாது. மன்னர் பிழைத்தார்!

இன்று எம்ஆர்ஐ இருக்கிறது. வலுவான காந்தப்புலத்தில் நம் உடலின் ஹைட்ரஜன் அணுக்கருக்கள் வானொலி அலைகளுக்கு ஏற்பச் சமிக்ஞை தருகின்றன. சீழில் நீர் அதிகம் என்பதால் படத்தில் வெண்மையாகத் தெரியும். ஆனால், சுற்றியுள்ள கொழுப்பும் வெண்மையாகத் தெரிந்து குழப்பும். எனவே கொழுப்பின் சமிக்ஞையை மட்டும் அடக்கிவிட்டு எடுக்கும் படத்தில், கருமையான தசைக்கு நடுவே சீழ் பளிச்சென்று நிற்கும்.

அதன் இருப்பிடத்தை மருத்துவர்கள் கடிகாரத்தை வைத்துச் சொல்வார்கள். மல்லாந்து படுத்திருப்பவரின் முன்பக்கம் 12 மணி, முதுகுப்பக்கம் 6 மணி. சில நேரம் சீழ் 6 மணியில் தொடங்கி இருபுறமும் குதிரை லாடம் போல் பரவும். வீக்கம் தெரியும் பக்கத்தை மட்டும் கீறினால் மறுபக்கம் அப்படியே தங்கிவிடும். படம் அதைக் காட்டிக்கொடுக்கும்.

மீயொலிக் கருவியிலும் ஓர் உத்தி உண்டு. பவுத்திரத் துளைக்குள் சிறிது ஹைட்ரஜன் பெராக்சைடைச் செலுத்துவார்கள். அது சிதைந்து ஆக்சிஜன் குமிழ்கள் வருவதை வேதியியல் பாடத்தில் படித்திருப்பீர்கள். அந்தக் குமிழ்கள் ஒலியைத் திருப்பியனுப்ப, சுரங்கம் முழுவதும் வெள்ளைக் கோடாகத் தெரியும். நள்ளிரவில் அவசரமென்றால் சிடி ஸ்கேன் விரைவாக முடியும். நோயாளியின் நிலை மோசமானால் படத்துக்காகக் காத்திராமல் சீழை வெளியேற்றிவிடுவார்கள்.

சுரங்கம் தசையின் பெரும்பகுதியைத் துளைத்துச் செல்வதாகப் படம் காட்டினால், மருத்துவர் அதை வெட்டுவதில்லை. அதன் வழியே ஒரு நூலைக் கோத்துத் தளர்வாக முடிந்துவிடுவார். துளை மூடாமல் சீழ் வடிந்துகொண்டே இருக்கும், தசையும் தப்பிக்கும். உள்ளே சீழ் வற்றிய பிறகுதான் அடுத்த அறுவையைப் பற்றி யோசிப்பார்கள்.