தோஹாவில் உடைந்த கனவு, தோஹாவிலேயே கிடைத்த பதில்: ஜப்பான் பயிற்சியாளர் ஹஜிமே மொரியாசு யார்?

2022 உலகக் கோப்பையில் ஜெர்மனியையும் ஸ்பெயினையும் ஒரே குரூப்பில் வைத்து ஜப்பான் வீழ்த்தியபோது, கேமரா அடிக்கடி ஒருவர் பக்கம் திரும்பியது. கோட்-சூட், கையில் சின்ன நோட்டுப் புத்தகம். ஆட்டம் நடக்கும்போதே எதையோ குறித்துக்கொண்டே இருப்பார். முடிந்ததும் ரசிகர்கள் பக்கம் போய் இடுப்பு வரை குனிந்து வணங்குவார். அவர்தான் ஹஜிமே மொரியாசு.

அந்த இரண்டு வெற்றிகளும் கிடைத்தது கத்தார் தலைநகர் தோஹாவில் நடந்த உலகக் கோப்பையில். இதே தோஹாவில்தான் 29 ஆண்டுகளுக்கு முன்பு, ஒரு வீரராக அவருடைய உலகக் கோப்பைக் கனவு முடிந்துபோனது. அந்தக் கதை தெரிந்தால்தான் இவர் ஏன் ஜப்பானுக்கு இவ்வளவு முக்கியம் என்பது புரியும்.

1993: சில நொடிகளில் போன வாய்ப்பு

1968-ல் பிறந்த மொரியாசு வளர்ந்தது நாகசாகியில். பள்ளிப் படிப்பு முடித்ததும் 1987-ல் மஸ்தா நிறுவனத்தின் கால்பந்து அணியில் சேர்ந்தார். அந்த அணிதான் பிறகு சான்ஃப்ரெச்சே ஹிரோஷிமா ஆனது. அவர் ஆடிய இடம் டிஃபென்ஸிவ் மிட்ஃபீல்ட். கோல் அடித்து ஹீரோ ஆகிற இடம் இல்லை. எதிரணியின் பந்தைப் பறித்து, பக்கத்தில் இருப்பவரிடம் சரியாகக் கொடுக்கிற வேலை. ஜப்பானுக்காக 35 ஆட்டங்கள் ஆடி, ஒரே ஒரு கோல்தான் அடித்திருக்கிறார்.

1992-ல் ஜப்பான் பயிற்சியாளராக வந்த நெதர்லாந்துக்காரர் ஹான்ஸ் ஓஃப்ட், பெரிதாகப் பெயர் தெரியாத மொரியாசுவைத் தேசிய அணிக்கு அழைத்தார். அதே ஆண்டு ஹிரோஷிமாவில் நடந்த ஆசியக் கோப்பையை ஜப்பான் முதல்முறையாக வென்றது. 1993 மே மாதம் ஜே.லீக் தொடங்கியது. நாடே கால்பந்து மோகத்தில் இருந்த நேரம். மிச்சமிருந்தது ஒன்றுதான், உலகக் கோப்பை. அதுவரை ஜப்பான் அதில் ஆடியதே இல்லை.

1994 உலகக் கோப்பைக்கான ஆசிய இறுதித் தகுதிச்சுற்று தோஹாவில் நடந்தது. ஆறு அணிகள், இரண்டு இடங்கள். கடைசி ஆட்டத்துக்கு முன்பு பட்டியலில் முதலிடத்தில் இருந்தது ஜப்பான். 1993 அக்டோபர் 28-ல் இராக்கை வென்றால் போதும், டிக்கெட் உறுதி. 2-1 என முன்னிலையும் இருந்தது. ஆட்டம் முடியச் சில நொடிகளே இருந்தபோது இராக்குக்கு ஒரு கார்னர் கிடைத்தது. நேராக உள்ளே அடிக்காமல் பக்கத்தில் தட்டிவிட்டு, அதன் பிறகு பந்தைத் தூக்கிப் போட்டார்கள். ஜாஃபர் ஓம்ரான் தலையால் முட்டினார். 2-2.

அவ்வளவுதான். சவுதி அரேபியாவும் தென்கொரியாவும் தகுதி பெற்றன. தென்கொரியாவும் ஜப்பானும் ஒரே புள்ளிகள்தான். கோல் வித்தியாசத்தில் ஜப்பான் வெளியேறியது. ஜப்பானியர்கள் இன்றும் அதை ‘தோஹாவின் துயரம்’ என்றுதான் சொல்கிறார்கள். அன்று களத்தில் இருந்த மொரியாசுவுக்கு அப்புறம் உலகக் கோப்பையில் ஆடும் வாய்ப்பு வரவே இல்லை. 1998-ல் ஜப்பான் முதல்முறை தகுதி பெற்றபோது அந்த அணியில் அவர் இல்லை. 2003-ல் வெகால்டா செண்டாய் அணியோடு விளையாட்டு வாழ்க்கையை முடித்துக்கொண்டார்.

பெரிய பணம் இல்லை, மூன்று பட்டம்

ஓய்வுக்குப் பிறகு உடனே பெரிய பதவி எதுவும் கிடைக்கவில்லை. ஹிரோஷிமாவிலும் அல்பிரெக்ஸ் நீகாட்டாவிலும் துணைப் பயிற்சியாளராக வேலை பார்த்தார். 2012-ல்தான் தனது பழைய அணியான ஹிரோஷிமாவின் தலைமைப் பயிற்சியாளர் ஆனார்.

முந்தைய ஆண்டு ஏழாவது இடத்தில் முடித்த அணி அது. பெரிய பட்ஜெட் கிடையாது. நல்ல வீரர்கள் உருவானால் உராவா ரெட்ஸ் மாதிரி பணக்கார கிளப்கள் அழைத்துக்கொண்டு போய்விடும். ஆனாலும் முதல் ஆண்டிலேயே லீக் பட்டம். 2013-ல் கடைசி நாளில் யோகோஹாமா எஃப் மரினோஸை முந்தி மறுபடியும் பட்டம். 2015-ல் மூன்றாவது முறை.

எப்படி? முன்பிருந்த பயிற்சியாளர் மிஹைலோ பெட்ரோவிச் கட்டிய மூன்று டிஃபெண்டர் முறையை அவர் தூக்கி எறியவில்லை. தாக்குதலை அப்படியே வைத்துக்கொண்டு, தற்காப்பை மட்டும் இறுக்கினார். புதிதாக வந்த பாஸ் முதல் வேலையாக எல்லாவற்றையும் மாற்றுவதைத்தானே நாம் அதிகம் பார்த்திருக்கிறோம்? இவர் ஏற்கெனவே நன்றாக நடப்பதைத் தொடவில்லை.

எல்லாமே வெற்றி இல்லை. 2017-ல் அணி தரவரிசையில் கீழே சரிந்தது. சீசனின் நடுவிலேயே பதவி விலகினார்.

வீட்டிலேயே வந்த விமர்சனம்

அதே ஆண்டு ஒலிம்பிக் அணியின் பொறுப்பு கிடைத்தது. 2018 உலகக் கோப்பையில் அகிரா நிஷினோவுக்குத் துணையாக இருந்துவிட்டு, அதன் பிறகு சீனியர் அணிக்கும் தலைமைப் பயிற்சியாளர் ஆனார். ஒரே நேரத்தில் இரண்டு அணிகள்.

ரிசல்ட் கலவையாகத்தான் இருந்தது. 2019 ஆசியக் கோப்பை இறுதியில் கத்தாரிடம் 3-1 எனத் தோல்வி. 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் நான்காவது இடம், பதக்கம் இல்லை. அதே ஆண்டு உலகக் கோப்பை தகுதிச்சுற்றில் சொந்த மண்ணில் ஓமனிடமும், பிறகு சவுதியிடமும் தோற்றபோது ‘மொரியாசுவை மாற்றுங்கள்’ என்ற குரல் பலமாகவே கேட்டது. அடுத்த ஆட்டத்தில் ஆஸ்திரேலியாவை வென்றதால் தப்பித்தார்.

ஆனால் இரண்டு அணிகளைப் பார்த்துக்கொண்டதில் ஒரு லாபம் இருந்தது. டோவான், மிட்டோமா, தனாகா, டொமியாசு, குபோ போன்ற இளைஞர்களை ஒலிம்பிக் அணியிலேயே அவருக்கு நன்றாகத் தெரியும். யார் எப்போது என்ன செய்வார் என்ற கணக்கு கையில் இருந்தது.

கத்தாரில் என்ன செய்தார்?

ஜெர்மனிக்கு எதிராக முதல் பாதியில் 1-0 எனப் பின்தங்கியது ஜப்பான். இடைவேளையில் டொமியாசுவை இறக்கி மூன்று டிஃபெண்டர் முறைக்கு மாறினார். ஹிரோஷிமாவில் பழகிய அதே முறை. பிறகு மாற்று வீரர்களாகத் தாக்குதல் ஆட்டக்காரர்களை ஒவ்வொருவராக இறக்கினார். 75-வது நிமிடத்தில் டோவான், 83-வது நிமிடத்தில் அசானோ கோல் அடித்தார்கள். இரண்டு பேருமே மாற்று வீரர்கள்.

அடுத்த ஆட்டத்தில் அணியில் ஐந்து மாற்றங்கள் செய்து கோஸ்டாரிகாவிடம் 1-0 எனத் தோற்றார். திட்டு வாங்கினார். ஸ்பெயினுக்கு எதிராக மறுபடியும் அதே பழைய கணக்கு: முதல் பாதியில் தாங்கிக்கொள், இரண்டாம் பாதியில் அடி. இடைவேளையில் வந்த டோவான் 48-வது நிமிடத்தில் கோல் அடிக்க, மிட்டோமா எல்லைக்கோட்டில் மீட்ட பந்தை 51-வது நிமிடத்தில் தனாகா கோலாக்கினார். ஆட்டத்தில் ஜப்பான் பந்தை வைத்திருந்தது சுமார் 18 சதவீத நேரம்தான். ஆனாலும் 2-1.

கடைசி நிமிடத்தில் 1993-ன் நினைவு தனக்கு வந்ததாகவும், தன் வீரர்கள் பயந்து பின்வாங்காமல் முன்னேறிப் பந்தைப் பறிக்கப் போனதைப் பார்த்து காலம் மாறிவிட்டது என உணர்ந்ததாகவும் அவர் பிறகு சொன்னார்.

காலிறுதிக் கனவு மட்டும் நிறைவேறவில்லை. குரோஷியாவிடம் பெனால்டி ஷூட்அவுட்டில் தோல்வி. யார் அடிப்பது என்பதை வீரர்களின் விருப்பத்துக்கே விட்டிருந்தார். மூன்று பெனால்டிகளை கோல்கீப்பர் லிவாகோவிச் தடுத்துவிட்டார்.

அப்புறம்?

வழக்கமாக ஒரு உலகக் கோப்பை முடிந்தால் ஜப்பான் பயிற்சியாளரை மாற்றிவிடும். மொரியாசுவுக்கு மட்டும் ஒப்பந்தம் நீட்டிக்கப்பட்டது. 2023 செப்டம்பரில் ஜெர்மனியை அதன் மண்ணிலேயே 4-1 என வென்றார்; மறுநாளே ஜெர்மனி பயிற்சியாளர் ஹான்சி ஃபிளிக் பதவி இழந்தார். 2024 ஆசியக் கோப்பை காலிறுதியில் ஈரானிடம் தோற்றதும் விமர்சனம் மறுபடி கிளம்பியது. ஆனால் 2025 மார்ச்சில் பஹ்ரைனை வீழ்த்தி, போட்டியை நடத்தும் நாடுகளைத் தவிர்த்து 2026 உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்ற முதல் அணியானது ஜப்பான். அதே அக்டோபரில் டோக்கியோவில் 0-2 என்ற நிலையிலிருந்து மீண்டு, வரலாற்றில் முதல்முறையாக பிரேசிலை 3-2 என வென்றது.

2022 வரை நான்கு முறை நாக்-அவுட் சுற்றுக்குப் போயும் ஒருமுறைகூட ஜப்பான் காலிறுதியைத் தொட்டதில்லை. ஆனால் மொரியாசு வெளிப்படையாகச் சொன்ன இலக்கு காலிறுதி அல்ல, கோப்பை. பேராசை என்று சிரிக்கலாம். 1993-ல் உலகக் கோப்பையில் ஆடுவதே ஜப்பானுக்குப் பேராசையாகத்தான் இருந்தது.