அணுவோடு பழகுதல் – 11: தராசில் ஒட்டிய புளி

மேரி கியூரி 1903-ல் சமர்ப்பித்த முனைவர் பட்ட ஆய்வேட்டில் ஓர் அங்கலாய்ப்பு உண்டு. ரேடியத்தோடு பழகப் பழக அறையின் தூசி, காற்று, உடுத்திய துணி எல்லாமே கதிரியக்கம் கொண்டுவிட்டன. அறைக் காற்றே மின்சாரத்தைக் கடத்த ஆரம்பித்ததால், கதிரியக்கத்தை அளக்கும் மின்கருவி எதையும் சரிவரக் காப்பிட முடியவில்லை. புளி நிறுக்கிற தராசிலேயே புளி ஒட்டிக்கொண்ட கதை.

அந்தப் புளி இன்றும் ஒட்டத்தான் செய்கிறது. டி.என்.ஏ.வுக்கு அடையாளமிட பாஸ்பரஸ்-32 பயன்படுத்தும் ஓர் உயிரியல் ஆய்வகத்தை நினைத்துக்கொள்ளுங்கள். சென்ட்ரிஃப்யூஜ் இயந்திரம் நாலைந்து குழுக்களுக்குப் பொது. சரியாக மூடாத ஒரு குழாயிலிருந்து ஒரு துளி ரோட்டரில் தெறிக்கிறது. சிந்தியவர் கவனிக்காமல் போய்விடுகிறார். அடுத்து வருபவருக்குக் கதிரியக்கப் பொருளோடு சம்பந்தமே இல்லை. வெறுங்கையால் ரோட்டரைத் தூக்குகிறார். அந்தக் கைதான் பிறகு ஃப்ரீசர் பிடியையும் செல்போனையும் தொடுகிறது.

இங்கே முதல் கேள்வி, சிந்தியது எது என்பது. பாஸ்பரஸ்-32 என்றால் கைகர் கவுன்ட்டர் சடசடவென்று காட்டிக்கொடுத்துவிடும். டிரிடியம் என்றால் மூச்சே விடாது. அதன் பீட்டா கதிருக்குக் கவுன்ட்டரின் மெல்லிய சவ்வைத் தாண்டும் தெம்புகூடக் கிடையாது. அதற்குத் துடைப்புச் சோதனைதான் வழி. சுமார் 100 சதுர சென்டிமீட்டர் பரப்பை வடிதாளால் துடைத்து, அந்தத் தாளைச் சின்டிலேஷன் கவுன்ட்டரில் வைத்து எண்ணுவார்கள். ஆனால், தாளில் வருவது தளர்வாக ஒட்டியது மட்டுமே. உலோகத்தில் ஊறிப்போனதைத் துடைத்து எடுக்க முடியாது. அதனால், பாஸ்பரஸ் விஷயத்தில் இரண்டு சோதனையும் வேண்டும்.

துடைப்பதிலும் முறை உண்டு. ஓரத்திலிருந்து நடுவை நோக்கித் துடைக்க வேண்டும். மாற்றித் துடைத்தால் நாமே பரப்பியதாகிவிடும். கறை போகவில்லையே என்று காரமான சோப்புக் கரைசலை ஊற்றினால் அலுமினிய ரோட்டர் அரிக்கும். நிமிடத்துக்குப் பல ஆயிரம் சுற்று சுற்றும் பொருள் அது. அரித்த இடத்தில் விரிசல் விட்டால் வெடித்துச் சிதறலாம். கதிரியக்கத்தைவிட அவசரமான ஆபத்து!

துடைத்தும் போகாததைக் காலம் துடைக்கும். பாஸ்பரஸ்-32-ன் அரை ஆயுள் 14.3 நாள். ரோட்டரை 143 நாள் ஒதுக்கி வைத்தால், ஆயிரத்தில் ஒரு பங்குதான் மிஞ்சும். அதுவரை 1 சென்டிமீட்டர் அக்ரிலிக் தடுப்பு போதும். ஈயத்தை மட்டும் பக்கத்தில் வைத்தால், பீட்டா கதிர் அதில் மோதி எக்ஸ் கதிரைக் கிளப்பும். கார்பன்-14 ஒட்டியிருந்தாலோ காத்திருப்பதில் பயனில்லை. அதன் அரை ஆயுள் சுமார் 5,730 ஆண்டு.

இத்தனையும் செய்துவிட்டு ஒரு துண்டுச்சீட்டை ஒட்டாமல் போனால் எல்லாம் வீண். எந்த ஐசோடோப்பு, எந்தத் தேதி, அளவு எவ்வளவு, யார் கையெழுத்து? பொதுக் கருவியை அடுத்து தொடப்போகிறவருக்கு அந்த நாலு வரிதான் பாதுகாப்பு.

அப்படியொரு எச்சரிக்கை கைமாறாமல் போனதால், பல்கலைக்கழகக் கருவி ஒன்று 2010-ல் டெல்லி மாயாபுரியின் பழைய இரும்புக் கடைக்குப் போய்ச் சேர்ந்தது. உள்ளே கோபால்ட்-60 இருந்தது.

(அடுத்த வாரம்: மாயாபுரி)