வேலையற்றோர் என்பவர் யார்?

ஒரு நாட்டில் வேலையற்றோர் எத்தனை பேர் என்று கேட்பது எளிது. விடை கூறுவது எளிதன்று. வாரத்தில் ஒரு நாள் மட்டும் கூலி பெற்றவர் வேலையுள்ளவரா, வேலையற்றவரா? சலிப்புற்று வேலை தேடுவதையே விட்டவரை எக்கணக்கில் சேர்ப்பது? நாட்டுக்கு நாடு விடை வேறுபடுமாயின், அவற்றின் எண்களை ஒப்பிடுவது, படியால் அளந்த நெல்லை மரக்காலால் அளந்த நெல்லுடன் ஒப்பிடுவது போலாகும்.

1919-ல் தோன்றிய சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனம் இக்குறையைப் போக்க முற்பட்டது. தொழிலாளர் புள்ளியியலாளரின் முதல் மகாநாடு 1923-ல் ஜினீவாவில் கூடியது. இம்மகாநாடுகளின் தீர்மானங்கள் சட்டமல்ல. எனினும் அரசாங்கங்கள் பலவும் தங்கள் கணக்கெடுப்புக்கு அவற்றையே வழிகாட்டியாகக் கொள்கின்றன.

1982-ல் கூடிய பதின்மூன்றாம் மகாநாட்டின் வரையறைப்படி, குறிப்பிட்ட வாரத்தில் ஒரு மணி நேரமேனும் ஊதியத்துக்கோ லாபத்துக்கோ உழைத்தவர் வேலையுள்ளவர். வேலையின்றி, வேலை செய்யத் தயாராக இருந்து, வேலை தேடியும் வருபவரே வேலையற்றவர். நாட்டின் உற்பத்திக்குக் காரணமான உழைப்பு எதுவும் விட்டுப்போகாதிருக்கவே ஒரு மணி நேரம் என்னும் சிறிய அளவு வைக்கப்பட்டது.

தொழில்களின் பெயர்களுக்கும் இத்தகைய ஒழுங்கு உண்டு. 2008-ம் ஆண்டின் சர்வதேசத் தொழில் வகைப்பாடு எல்லாத் தொழில்களையும் பத்துப் பெரும் பிரிவுகளில் அடக்குகிறது. அதில் தையற்காரர் இடம்பெறும் தொகுதியின் எண் 7531. எம்மொழியில் அழைக்கப்பட்டாலும் அவருக்கு அவ்வெண்ணே உரியது. இந்தியாவின் 2015-ம் ஆண்டுத் தொழில் வகைப்பாடும் இதனையே தழுவியது.

பருவத்தை நம்பிய வேளாண்மை நிறைந்த நம் நாட்டுக்கு ஒரு வாரக் கணக்கு மட்டும் போதாது. ஆதலால் 2017-ல் தொடங்கிய தொழிலாளர் கணக்கெடுப்பில், மாதிரியாகத் தேர்ந்த குடும்பங்களிடம் முந்திய ஏழு நாட்களைப் பற்றியும், முந்திய 365 நாட்களைப் பற்றியும் தனித்தனியே வினவுகின்றனர். இரு வினாக்களும் இரு வேறு விகிதங்களைத் தரும், இரண்டும் பிழையல்ல.

நாடுகள் அனுப்பும் விவரங்களை ஸ்தாபனம் திரட்டி வெளியிடுகிறது. தனி மனிதரின் அடையாளம் நீக்கப்பட்ட மூல விவரங்கள் கிடைக்குமிடத்து, பொது வரையறைப்படி மீண்டும் கணக்கிடுகிறது.

2013-ல் கூடிய பத்தொன்பதாம் மகாநாடு வரையறையை மாற்றியது. தன் குடும்பத்தின் உணவுக்காக மட்டும் பயிரிடும் பெண் செய்வது உழைப்பே. ஆயினும் அவர் வேலையுள்ளவராக எண்ணப்படுவதில்லை. இந்தியக் கணக்கெடுப்பிலோ அவர் வேலையுள்ளவரே. அவர் அதே நிலத்தில் அதே நாற்றை நடுகிறார்; எனினும் ஒரு பட்டியலில் இருக்கிறார், மற்றொன்றில் இல்லை. ஆகவே, எண்ணைப் படிக்குமுன் அதன் வரையறையைப் படித்தல் வேண்டும்.