பழைய காருக்குப் பதில் புதிய கார்: வீட்டில் யாருக்கு எது?

டெல்லியில் கார் வைத்திருப்பவர்களுக்கு, சென்னையில் இருக்கும் உறவினர்களுக்கு இல்லாத ஒரு கவலை உண்டு. கார் நன்றாகவே ஓடிக்கொண்டிருக்கும். ஆனாலும் அதற்கு வயதாகிவிடும். டீசல் காருக்கு 10 ஆண்டு, பெட்ரோல் காருக்கு 15 ஆண்டு என்பது கணக்கு. தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2014, 2015 ஆண்டுகளில் விதித்த இந்தக் கெடுவை, 2018 அக்டோபரில் சுப்ரீம் கோர்ட்டும் ஏற்றது.

2025 ஜூலை 1-ந் தேதி முதல், வயது கடந்த வண்டிகளுக்கு டெல்லி பெட்ரோல் பங்குகளில் எரிபொருள் போடக்கூடாது என்று உத்தரவு வந்தது. எதிர்ப்பு கிளம்பவே சில நாட்களிலேயே அது நிறுத்தி வைக்கப்பட்டது. அந்தச் சில நாட்களுக்குள் பதறிப்போய் அடிமாட்டு விலைக்கு வண்டியைத் தள்ளிவிட்டவர்கள் உண்டு. ஆகஸ்டு மாதம், இத்தகைய வண்டிக்காரர்கள் மீது நடவடிக்கை கூடாது என்று சுப்ரீம் கோர்ட்டு சொன்னது. டிசம்பரில் அந்தப் பாதுகாப்பு பி.எஸ்.4-ம் அதற்குப் பிந்தியதுமான வண்டிகளுக்கு மட்டுமே என்று திருத்தியது.

ஆகவே முதல் வேலை, பதிவுச் சான்றை எடுத்துப் பார்ப்பது. டெல்லியில் பி.எஸ்.4 தரம் 2010 ஏப்ரலில் வந்தது. அதற்கு முந்திய வண்டி என்றால் நாள் கடத்துவதில் பயன் இல்லை. அதற்குப் பிந்தியது என்றால் நிதானமாக யோசிக்க அவகாசம் இருக்கிறது. ஆனால் டீசல் காருக்கு ஓர் இடைஞ்சல் மிச்சம். குளிர்காலத்தில் காற்று மாசு முற்றி மூன்றாம் கட்டக் கட்டுப்பாடு அமலுக்கு வந்தால், டெல்லி, குர்கான், பரீதாபாத், காசியாபாத், நொய்டா ஆகிய இடங்களில் பி.எஸ்.4 டீசல் கார் சாலைக்கு வரக்கூடாது. தினமும் அதில்தான் அலுவலகம் போகிறவர் அன்று என்ன செய்வார்?

ஒரு வீடு, ஐந்து பேர்

மயூர் விஹார் பக்கம் டி.டி.ஏ. குடியிருப்பில், இரண்டாவது மாடியில் வசிக்கும் ஒரு தமிழ்க் குடும்பத்தை உதாரணமாக நினைத்துக்கொள்ளலாம். தாத்தா மத்திய அரசில் குமாஸ்தாவாகச் சேர்ந்து ஓய்வு பெற்றவர். பாட்டிக்கு இரண்டு முழங்காலிலும் மூட்டுவலி. மகன் குர்கானில் வேலை. போக வர 60 கிலோ மீட்டர். மருமகள் பள்ளி ஆசிரியை. மெட்ரோவில் போய் வருகிறார். பேத்தி கல்லூரியில் படிக்கிறாள். இப்போதுதான் ஓட்டுநர் உரிமம் வாங்கியிருக்கிறாள். வீட்டில் 2010-ல் வாங்கிய சின்ன பெட்ரோல் கார் ஒன்று, 2015-ல் வாங்கிய டீசல் செடான் ஒன்று. இரண்டும் பி.எஸ்.4. இரண்டையும் மாற்ற வேண்டும் என்று பேச்சு எழுகிறது.

தாத்தாவுக்கு ஏழு பேர் உட்காரும் பெரிய கார் மேல் ஆசை. ஊரிலிருந்து உறவினர்கள் வந்தால் எல்லோரும் ஒன்றாகப் போகலாமே என்கிறார். “மாமா, அது நம்ம தெருவிலே திரும்பவே திரும்பாது” என்கிறார் மருமகள். மகனுக்கு மறுபடியும் டீசல், மைலேஜ் கிடைக்குமாம். பேத்திக்கு மின்சாரக் கார். பாட்டியை யாரும் கேட்கவில்லை. செடானில் தாழ உட்கார்ந்து எழுந்திருக்க முடியாமல் அவர் மலை மந்திர் போவதையே நிறுத்தி ஓராண்டு ஆகிறது என்பது யாருக்கும் நினைவில் இல்லை.

இப்படிப்பட்ட வீடுகளில் எல்லோருக்கும் கொஞ்சம் கொஞ்சம் பொருந்துகிற ஒரே மாதிரியான இரண்டு கார்களை வாங்கிவிடுவதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. யார், வாரத்தில் எத்தனை நாள், எவ்வளவு தூரம், யாரை ஏற்றிக்கொண்டு போகிறார்கள் என்று ஒரு மாதம் நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்தால், விவாதத்தில் பாதி தானாகவே தீர்ந்துவிடும்.

கணக்குப் போட்டால்...

மகனுக்கு மாதம் 25 நாள், நாளுக்கு 60 கிலோ மீட்டர். ஆக 1,500 கிலோ மீட்டர். நெரிசலில் பெட்ரோல் கார் லிட்டருக்கு 15 கிலோ மீட்டர் கொடுத்தால் 100 லிட்டர் வேண்டும். 2025-ல் டெல்லியில் பெட்ரோல் விலை ஏறக்குறைய 95 ரூபாய். ஆக 9,500 ரூபாய். அதே கார் சி.என்.ஜி.யில் கிலோவுக்கு 25 கிலோ மீட்டர் ஓடினால் 60 கிலோ போதும். அந்த ஆண்டில் கிலோ விலை ஏறக்குறைய 77 ரூபாய்; ஆக 4,620 ரூபாய். மாதம் மிச்சம் 4,880 ரூபாய். சி.என்.ஜி. காருக்கு 90 ஆயிரம் ரூபாய் அதிகம் கொடுத்ததாக வைத்துக்கொண்டாலும், ஒன்றரை ஆண்டில் அந்தப் பணம் திரும்பிவிடுகிறது.

தாத்தா, பாட்டிக்கு இதே கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். ஆஸ்பத்திரி, கோயில், ஸ்டேஷன், கல்யாண வீடு எல்லாம் சேர்த்து மாதம் 200 கிலோ மீட்டர் தேறினால் பெரிது. சி.என்.ஜி.யால் கிடைக்கும் மிச்சம் மாதம் 650 ரூபாய் அளவுதான். 90 ஆயிரத்தைத் திரும்ப எடுக்கப் பதினோரு ஆண்டுக்கு மேல் ஆகும்! அவர்களுக்கு பெட்ரோல் காரே போதும்.

சி.என்.ஜி. காரில் இன்னொரு சங்கதி. 60 லிட்டர் உருளை டிக்கியை அடைத்துக்கொள்ளும். தமிழ்நாடு எக்ஸ்பிரசில் ஊரிலிருந்து வருகிறவர்கள் சும்மாவா வருகிறார்கள்? அரிசி மூட்டை, வடாம் டப்பா, ஊறுகாய் ஜாடி, முருங்கைக்காய்க் கட்டு என்று இறங்கும். பிளாட்பாரத்தில் இருந்து தள்ளிக்கொண்டு வந்த பிறகு வைக்க இடம் இல்லை என்றால் ஆட்டோதான் பிடிக்க வேண்டும். 2023-ல் இருந்து சில கார்களில் ஒரே பெரிய உருளைக்குப் பதிலாக இரண்டு சின்ன உருளைகளை டிக்கியின் தரைக்கு அடியில் பொருத்தித் தருகிறார்கள். அதில் பெட்டி வைக்க இடம் கிடைக்கிறது. எந்த சி.என்.ஜி. வண்டியாக இருந்தாலும் மூன்று ஆண்டுக்கு ஒரு முறை உருளையைச் சோதனை செய்து சான்று வாங்க வேண்டும்.

டீசலைப் பொறுத்தவரை, டெல்லிவாசிக்கு அது இனி வேண்டாத வம்பு. பத்தே ஆண்டு ஆயுள் என்ற கெடு தலைக்கு மேல் தொங்குகிறது. தவிர, 2020 ஏப்ரலில் இருந்து வந்த பி.எஸ்.6 டீசல் கார்களில் புகைக்குழாயில் கரியைப் பிடித்து வைக்கும் வடிகட்டி இருக்கிறது. அவ்வப்போது நெடுஞ்சாலையில் சீரான வேகத்தில் ஓட்டினால்தான் அந்தக் கரி எரிந்து போகும். சிக்னலுக்குச் சிக்னல் நின்று போகிற வண்டியில் அது அடைத்துக்கொண்டு செலவு வைக்கும்.

பாட்டியின் முழங்கால்

மூட்டுவலிக்காரருக்குக் கார் பார்க்கும்போது, கடையில் காட்டும் பளபளப்பான புத்தகத்தால் பயன் இல்லை. அவரையே அழைத்துப்போய் உட்கார வைத்து, எழுந்திருக்கச் சொல்லிப் பார்க்க வேண்டும். நிற்கும்போது சீட்டு ஏறக்குறைய தொடையின் நடுப்பகுதிக்குக் கீழே, முழங்காலுக்குச் சற்று மேலே இருந்தால், இடுப்பைத் திருப்பி உட்கார்ந்து காலை உள்ளே எடுத்துக்கொள்ளலாம். செடானில் சீட்டு அதற்குக் கீழே போய்விடுகிறது. பெரிய ஜீப் போன்ற வண்டியிலோ படி ஏறுவதுபோல் ஏற வேண்டும். அதுவும் முழங்காலுக்கு ஆகாது. நடுத்தர உயரம் உள்ள சின்ன கார்களே இந்த வேலைக்குச் சரி. வேகன் ஆர் போன்ற உயரமான சின்ன கார்கள் (அதன் உயரம் 1,675 மில்லி மீட்டர்) வயதானவர்கள் உள்ள வீடுகளில் அதிகம் காணப்படுவது இதனால்தான். கதவு எவ்வளவு அகலமாகத் திறக்கிறது, மேலே பிடித்துக்கொள்ளக் கைப்பிடி இருக்கிறதா, வாக்கர் டிக்கியில் படுக்குமா என்பதையும் அங்கேயே பார்த்துவிடலாம்.

இந்தக் காரைத் தாத்தாவும் பேத்தியும் ஓட்டப்போகிறார்கள். ஆகவே கிளட்ச் இல்லாத ஆட்டோமேடிக் நல்லது. விலை குறைந்த ஏ.எம்.டி. வகையில் கியர் மாறும்போது லேசாக ஒரு குலுக்கல் இருக்கும். ஏற்றத்தில் நிறுத்தி எடுத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்.

பெரிய கார் ஆசை

ஏழு பேர் கார் விஷயத்தில் மருமகள் சொல்வதே சரி. கடைசி வரிசையில் ஆள் உட்கார்ந்தால் டிக்கியில் பெட்டி வைக்க இடம் இருக்காது. ஊருக்கோ இரண்டாயிரம் கிலோ மீட்டருக்கு மேல். யாரும் காரில் போகப்போவதில்லை. வரி வித்தியாசமும் பெரியது. 2025 செப்டம்பர் 22-ந் தேதி முதல், நான்கு மீட்டர் நீளத்துக்குள் 1,200 சி.சி.க்கு மிகாத பெட்ரோல், சி.என்.ஜி. கார்களுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம். அந்த வரம்பைத் தாண்டினால் 40 சதவீதம். ஆண்டுக்கு இரண்டு முறை வரும் விருந்தாளிகளுக்காக ஓய்வுப் பணத்தை இதில் போடுவதைவிட, அந்த இரண்டு நாளும் வாடகைக்கு வண்டி அமர்த்துவது எவ்வளவோ மேல்.

மின்சாரக் காருக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம்தான். தினமும் 60 கிலோ மீட்டர் போகிறவருக்கு அது உண்மையிலேயே பொருத்தம். ஆனால் தெருவோரம் கிடைத்த இடத்தில் நிறுத்திவிட்டு இரண்டாவது மாடியிலிருந்து ஒயரைத் தொங்கவிட முடியாது. சொந்தமாக நிறுத்துமிடம், அங்கே மின் இணைப்பு, சங்கத்தின் சம்மதம் மூன்றும் உள்ள வீட்டில் பேத்தியின் பேச்சைக் கேட்கலாம்.

இரண்டு காரையும் ஒரே நாளில் மாற்ற வேண்டும் என்பதும் இல்லை. குளிர்காலக் கட்டுப்பாட்டில் சிக்கும் டீசலை முதலில் கொடுத்துவிட்டு, மகனுக்கு சி.என்.ஜி. வாங்கலாம். பெட்ரோல் கார் பாட்டிக்கு ஏறி இறங்க வசதியாக இருந்தால் அதைச் சற்று விட்டு வைத்துப் பேத்தி கை பழகட்டும்.

பழைய கார் எங்கே போகும்?

பத்து வயது டீசலை மதுரையில் இருக்கும் தம்பிக்குக் கொடுத்துவிடலாம் என்று பலருக்கும் தோன்றும். முடியும், ஆனால் இலவசம் அல்ல. 28-ம் எண் படிவத்தில் விண்ணப்பித்துத் தடையில்லாச் சான்று வாங்க வேண்டும். கடன் பாக்கி இருந்தால் அதை அடைத்து 35-ம் எண் படிவமும் கொடுக்க வேண்டும். தமிழ்நாட்டில் மறுபதிவுக்கு வரி தனி. வண்டியை லாரியில் அனுப்பும் கூலி தனி. மதுரை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் தொகையை விசாரித்துவிட்டுத் தம்பியிடம் பேசுவது நல்லது.

உடைப்புக்குக் கொடுப்பதானால், அரசு பதிவு பெற்ற உடைப்பு நிலையத்தில்தான் கொடுக்க வேண்டும். அங்கே தரும் ஒப்படைப்புச் சான்றைக் காட்டினால், புதிய சொந்தக் காரின் சாலை வரியில் 25 சதவீதம் வரை சலுகை தர 2021-ல் மத்திய அரசு வழி செய்தது. அளவு மாநிலத்துக்கு மாநிலம் மாறும். தெருவில் கூவிக்கொண்டு வரும் வியாபாரியிடம் கொடுத்தால் சான்றும் இல்லை, பெயரும் ஆர்.சி.யில் அப்படியே நிற்கும்.

இன்சூரன்சில் பலரும் கோட்டைவிடுவது ஒன்று உண்டு. ஐந்து ஆண்டு நஷ்ட ஈடு கோராமல் இருந்தால் கிடைக்கும் 50 சதவீதத் தள்ளுபடி, வண்டிக்கு அல்ல, உரிமையாளருக்கு உரியது. பழைய காரைக் கொடுத்ததும் இன்சூரன்சு கம்பெனியில் அதற்கான கடிதத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டால், மூன்று ஆண்டுக்குள் வாங்கும் புதிய காரின் சொந்தச் சேதப் பிரீமியத்தில் கழித்துக்கொள்ளலாம். பாஸ்டாக் கணக்கையும் அன்றே மூடிவிட வேண்டும்.