வயல் தந்த மூலப்பொருள் – 9
ஒட்ட மறுக்கும் நார்

வாழை ஒரு முறைதான் தார் போடும். தாரை வெட்டியதும் தாய் மரத்தைச் சாய்த்துவிட்டுப் பக்கக்கன்றை வளரவிடுவார்கள். தொட்டியம் பக்கத்துக் காவிரிக் கரைத் தோட்டங்களில் தார் லாரி ஏறிய பிறகு போய்ப் பாருங்கள், சாய்த்த மரங்கள் வரப்போரம் கிடக்கும். நடுத்தண்டு சமையலுக்குப் போகும். மட்டையில் கொஞ்சம் பூ கட்டும் நாராகும். மரத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீர் என்பதால், மிச்சத்தைச் சுமந்து போக வண்டிக்கூலி கட்டாது. அங்கேயே அழுகும்.

அந்த மட்டைகளுக்குள் இருக்கும் நாரைத்தான் பிளாஸ்டிக்குக்கு வலுவூட்டப் பயன்படுத்துகிறார்கள். இப்போது அந்த வேலையைப் பெரும்பாலும் கண்ணாடி இழை செய்கிறது. கண்ணாடி இழையின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்குச் சுமார் 2.5 கிராம், வாழை நாருக்கு 1.3 சுற்றுவட்டாரம். எடை குறைவதோடு, கண்ணாடித் தூள் தோலில் ஏறி அரிக்கும் தொல்லையும் தொழிலாளிக்கு இல்லை.

ஆனால், நாரை நறுக்கி, உருகிய பாலிபுரோப்பிலீன் என்ற பிளாஸ்டிக்கில் கொட்டிக் கலந்தால் வலு தானாக வந்துவிடாது. அப்படி வார்த்த பலகையை உடைத்து, உடைந்த முகத்தை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்தால் காரணம் தெரியும். ஒரு பாதியில் வழவழப்பான துளைகள். மறுபாதியில், ஒரு துணுக்குப் பிளாஸ்டிக்கூட ஒட்டாமல் நீட்டிக்கொண்டிருக்கும் நார்கள். அவை அறுபடவே இல்லை, உருவிக்கொண்டு வந்திருக்கின்றன. பலகையை இழுத்த விசை நாருக்குப் போய்ச் சேரவே இல்லை.

நாரில் உள்ள செல்லுலோஸ் தண்ணீரை ஈர்க்கும். பாலிபுரோப்பிலீன் தண்ணீரை அண்டவிடாது. அதனால் இரண்டும் ஒட்டுவதில்லை. போதாக்குறைக்கு நாரின் மேல் மெழுகும் பெக்டினும் படிந்திருக்கின்றன. இதற்குப் பழைய மருந்து காஸ்டிக் சோடா. பருத்தியைக் காஸ்டிக் சோடாவில் பதப்படுத்தும் முறைக்கு ஜான் மெர்சர் 1850இல் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றார். வாழை நாரைச் சுமார் 5 சதவீதக் கரைசலில் சில மணி நேரம் ஊறவைத்தால் கரைசல் பழுப்பேறும். மெழுகும் பெக்டினும் லிக்னினில் ஒரு பகுதியும் கரைந்து வெளியேறுவதால் வரும் நிறம் அது. கட்டாக இருந்த நார் மெல்லிய இழைகளாகப் பிரியும், மேற்பரப்பு சொரசொரப்பாகும். பூச்சு நிற்பதற்காகக் கான்கிரீட் தூணைக் கொத்தனார் உளியால் கொத்திவிடுவாரே, அந்த வேலைதான் இது. கரைசல் கடுமையானால் செல்லுலோஸே சிதைந்து நார் நைந்துவிடும். அளவு தப்பக் கூடாது.

பிறகு அலசி, நீர்த்த அசிட்டிக் அமிலத்தில் காரத்தை முறித்து, நன்றாகக் காயவைக்க வேண்டும். ஈரம் மிச்சமிருந்தால் வார்க்கும்போது நீராவியாகி உள்ளே பொத்தல் விழும். மலேயிக் அன்ஹைட்ரைடு சேர்த்த பாலிபுரோப்பிலீனையும் சிறிதளவு கலப்பார்கள். அதன் ஒரு முனை செல்லுலோஸைப் பற்றும், மறுபக்கம் பிளாஸ்டிக்கோடு பின்னிக்கொள்ளும். 200 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் நார் கருகத் தொடங்கும். பாலிபுரோப்பிலீன் 165 டிகிரி அளவிலேயே உருகுவதால்தான் இந்த ஜோடி சரிப்பட்டு வருகிறது.

இது ஆய்வுக்கூடத்தோடு நின்ற சங்கதியும் அல்ல. பிலிப்பைன்ஸில் விளையும் அபாக்கா, வாழைக்கு நெருங்கிய உறவு. 2004இல் வந்த மெர்சிடிஸ் ஏ-கிளாஸ் காரில், உபரிச் சக்கரக் குழியின் அடிப்பகுதி மூடி அபாக்கா நாரும் பாலிபுரோப்பிலீனும் கலந்து செய்யப்பட்டது. சாலையில் தெறிக்கும் கல்லையும் தண்ணீரையும் வாங்கிக்கொள்ளும் இடம் அது.

இரண்டு விஷயங்களை அழுத்திச் சொல்ல வேண்டும். நார் கலந்த பாலிபுரோப்பிலீன் மக்காது. அதை ‘மக்கும் பிளாஸ்டிக்’ என்று விற்பது மோசடி. பிளாஸ்டிக்கின் அளவு குறைகிறது, கண்ணாடி இழை தேவையில்லாமல் போகிறது. ஆதாயம் இவ்வளவுதான், இதுவே பெரியது. அடுத்தது, அந்தப் பழுப்புக் கரைசல். அதை வாய்க்காலில் திறந்துவிட்டால், கழிவைக் காப்பாற்றப் போய் காவிரித் தண்ணீரைக் கெடுத்த பாவம் சேரும். நார் உரிக்கும் இயந்திரம் தோட்டத்திலேயே ஓடலாம். காஸ்டிக் தொட்டியை மட்டும் பல ஊர்களுக்குப் பொதுவாக ஓரிடத்தில் வைத்து, குறைந்த காரத்தைச் சேர்த்துச் சேர்த்து அதே கரைசலைத் திரும்பப் பயன்படுத்தி, கடைசியில் மிஞ்சுவதைக் காரம் முறித்துச் சுத்திகரித்த பிறகே வெளியே விட வேண்டும். அந்தச் செலவையும் நாரின் விலையில் சேர்த்துத்தான் கணக்குப் பார்க்க வேண்டும்.

(தொடரும்)