காசமல்லாத காசம்

அரவேணுவில் எங்கள் ஜமாஅத்தைச் சேர்ந்த பெரியவர் ஒருவர். தேயிலைத் தொழிற்சாலையில் உழைத்து ஓய்வு பெற்றவர். இளமையில் காசநோய் கண்டு குணமடைந்தவர். முதுமையில் மீண்டும் இருமல் வந்தது. சளியில் கிருமி தென்படவே, காசநோய்க்குரிய மாத்திரைகளை மாதக்கணக்கில் உண்டார், நோய் தீரவில்லை. வீட்டில் அவருக்குத் தட்டும் தம்ளரும் தனியாயின. "அத்தா, ஜும்ஆவுக்கு வாருங்கள்" என்று மகன் அழைத்தும், பிறருக்குத் தொற்றிவிடுமோ என அஞ்சிப் பள்ளிவாசலுக்கு வருவதையே நிறுத்திக் கொண்டார். பின்னர் சமவெளியிலுள்ள மருத்துவமனையொன்றில் சளிக்கிருமியை வளர்த்துச் சோதித்தபோதுதான், அது காசநோய்க் கிருமியே அன்று எனத் தெரிந்தது.

காசநோய்க் கிருமிக்கு உறவான மைக்கோபாக்டீரியா வகைகள் நூற்றுக்கும் மேற்பட்டவை. மண்ணிலும், நாம் உளூச் செய்யும் குழாய் நீரிலும்கூட அவை வாழ்கின்றன. நுண்நோக்கியில் காசநோய்க் கிருமியைப் போலவே தோன்றும்.

1968இல் செங்கல்பட்டு மாவட்டத்தில் ஏறத்தாழ 3,60,000 மக்களிடையே பி.சி.ஜி. தடுப்பூசி ஆய்வு தொடங்கியது. பெரியோருக்கு வரும் நுரையீரல் காசநோயை அவ்வூசி தடுக்கவில்லை என்று 1979இல் முடிவு வெளியாயிற்று. அங்குள்ள மக்களின் உடல் இச்சூழல் கிருமிகளோடு முன்பே பழகியிருந்தது, ஆய்வாளர் கூறிய காரணங்களுள் ஒன்று.

இத்தனை பேர் பழகியும் நோயுறுவோர் சிலரே. ஏன்? அல்லாஹ் நம் உடலில் அமைத்துள்ள காவலே காரணம். நுரையீரலில் நுழையும் கிருமியை ஒருவகை வெள்ளணு விழுங்குகிறது. உடனே பிற அணுக்களை உதவிக்கு அழைக்கிறது. அவை 'இன்டர்ஃபெரான் காமா' என்னும் பொருளைச் சுரக்க, விழுங்கிய அணு வலுப்பெற்றுக் கிருமியைக் கொல்கிறது.

இச்சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் கிருமி தழைக்கும். மால்டா, துனீசியா நாட்டுக் குழந்தைகளிடம் அச்சுரப்பை ஏற்கும் மரபணுவே பழுதுபட்டிருந்ததை 1996இல் கண்டறிந்தனர். நெருங்கிய உறவில் மணந்தோரின் பிள்ளைகளிடம் இத்தகைய குறை தோன்றும் வாய்ப்பு அதிகம். குழந்தைக்குப் பி.சி.ஜி. ஊசியின் கிருமியே உடலெங்கும் பரவி நோயாகியிருந்தால், அதை மருத்துவரிடம் மறைக்கலாகாது. தாய்லாந்து, தைவான் நாடுகளில் பெரியவர் சிலரின் உடல், அச்சுரப்பையே பகையெனக் கருதி எதிர்ப்பொருள் உண்டாக்கியதை 2012இல் வெளிவந்த ஆய்வு காட்டிற்று. எச்.ஐ.வி. தொற்றும், மூட்டுவாதத்திற்குத் தரும் சில ஊசிகளும், நெடுநாள் ஸ்டீராய்டும் இக்காவலைத் தளர்த்துகின்றன.

ஆயினும், நுரையீரலில் மட்டும் இந்நோய் கண்டவர் பலருக்கு உடலின் பொதுக்காவலில் பெருங்குறை இருப்பதில்லை. நுரையீரலின் உட்சுவரே பழுதுபட்டிருக்கிறது. பழைய காசநோய்த் தழும்பு, விரிந்துபோன மூச்சுக்குழல், புகையால் கெட்ட நுரையீரல் ஆகியவற்றில் சளி தேங்கிக் கிருமிக்கு இடமாகிறது. நம் பெரியவரின் நிலையும் இதுவே.

எனவே, மாத்திரை உண்டும் இருமல் தீராவிடில் சளியை வளர்த்து, கிருமியின் வகையை அறியும்படி கேட்க வேண்டும். மருந்தை நாமாக நிறுத்தலாகாது. இந்நோய்க்கு மருந்து வேறு; சளியில் கிருமி மறைந்த பின்னும் ஏறக்குறைய ஓராண்டு உண்ண வேண்டும். இந்நோய் பொதுவாக ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றுவதில்லை.

நோயுற்றால் மருந்து செய்வதும், நோயாளியை நலம் விசாரிப்பதும் நபிவழி. இன்று அப்பெரியவரின் பேரப்பிள்ளை அவர் தட்டிலேயே உண்கிறது. ஜும்ஆவில் மீண்டும் அவரைக் காண்கிறோம். வல்ல அல்லாஹ் அவருக்கு முழு ஷிஃபாவை அருள்வானாக! ஆமீன்.